அரோரா அணைந்த பிறகு என்ன நடக்கிறது? 80 கி.மீ. உயரத்தில் ஓசோனைக் காலி செய்யும் எலக்ட்ரான் மழை

2024 மே 10-ம் தேதி இரவு. லடாக்கின் ஹான்லேவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்திய வானியல் ஆய்வகத்தின் கேமராக்களில் வடக்கு வானம் செக்கச்செவேலென்று பதிவானது. மறுநாள் காலையில் அந்தப் படங்கள் எல்லார் போனிலும் சுற்றின. "அரோரா நம்ம ஊர்லயே தெரிஞ்சுதா?" என்பதுதான் அன்றைக்குப் பேச்சு.

2003 அக்டோபருக்குப் பிறகு பூமியைத் தாக்கிய முதல் ஜி5 புயல் அது. புவிகாந்தப் புயல்களை அளக்கும் அளவுகோலில் அதற்கு மேல் படியே கிடையாது.

படம் பார்த்தோம், ஷேர் பண்ணினோம், மறந்துவிட்டோம். ஆனால் அரோரா என்பது வெறும் ஒளி இல்லை. மேலிருந்து வந்து விழும் எலக்ட்ரான்கள் காற்றில் மோதும்போது தெறிக்கும் வெளிச்சம்தான் நாம் பார்ப்பது. வெளிச்சம் அணைந்த பிறகும் அந்த மோதலின் விளைவு காற்றில் தங்கிவிடுகிறது. சில நேரம் சில மணி நேரம், சில நேரம் பல மாதங்கள்.

அந்த விளைவு என்ன? ஓசோனுக்கு ஆபத்தா? நாம் கவலைப்பட வேண்டுமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அரோரா எப்படி உருவாகிறது?

சூரியனிலிருந்து மின்னூட்டம் கொண்ட துகள்கள் எந்நேரமும் வீசிக்கொண்டே இருக்கின்றன. இதைத்தான் சூரியக் காற்று என்கிறோம். பூமியின் காந்தப்புலம் இதைப் பெரும்பாலும் திசை திருப்பிவிடுகிறது.

ஆனால் காந்தப்புலம் முழுக்க மூடிய கதவு இல்லை. சூரியக் காற்றின் ஆற்றலில் ஒரு பகுதி உள்ளே வந்து, பூமியின் இரவுப் பக்கத்தில் வால் போல நீண்டிருக்கும் காந்தப்புலத்தில் சேர்கிறது. ஒரு கட்டத்தில் அது வெடித்து விடுபடும்போது, எலக்ட்ரான்கள் காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு வட, தென் துருவப் பகுதிகளை நோக்கிப் பாய்கின்றன. காற்று மண்டலத்தில் மோதுகின்றன. ஆக்சிஜனும் நைட்ரஜனும் ஒளிர்கின்றன. அதுதான் அரோரா, துருவ ஒளி.

நிறத்தை வைத்தே உயரத்தைச் சொல்லலாம்

அரோராவின் நிறம் ஒரு ஸ்கேல் மாதிரி. சிவப்பு என்றால் 200 கிலோமீட்டருக்கும் மேலே. பச்சை என்றால் பெரும்பாலும் 100 முதல் 150 கிலோமீட்டர். கீழ் விளிம்பில் தெரியும் ஊதா, இளஞ்சிவப்பு எல்லாம் நைட்ரஜனின் வேலை. அது 100 கிலோமீட்டரை ஒட்டி வரும்.

சிவப்பு ஏன் அவ்வளவு உயரத்தில் மட்டும்? அடி வாங்கிய ஆக்சிஜன் அணு சிவப்பு ஒளியை வெளியிட ஏறக்குறைய 2 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. கீழே காற்று அடர்த்தியாக இருப்பதால், அதற்குள் இன்னொரு அணு வந்து இடித்து அந்த ஆற்றலைப் பறித்துவிடும். மேலே காற்று மிகவும் மெலிது. அதனால் அங்கே நிதானமாக ஒளிர முடிகிறது. பச்சைக்கு ஒரு விநாடிகூடத் தேவையில்லை.

ஹான்லேவில் சிவப்பு மட்டும் தெரிந்ததும் இதனால்தான். வெகு தொலைவிலிருந்து பார்க்கும்போது, பூமியின் வளைவைத் தாண்டி ஒளியின் உச்சிப் பகுதி மட்டுமே தொடுவானத்துக்கு மேல் எட்டிப் பார்க்கும். ஒரு பெரிய கட்டடத்தின் மொட்டை மாடியை மட்டும் பார்ப்பது போல.

நம்முடைய கதை நடப்பது அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில். அதைப் பார்க்க ஹான்லே போதாது. நார்வே, ஸ்வீடன், பின்லாந்து நாடுகளின் வடகோடிக்குப் போக வேண்டும்.

எவ்வளவு ஆற்றலோ, அவ்வளவு ஆழம்

எல்லா எலக்ட்ரானும் ஒரே மாதிரி இல்லை. எந்த எலக்ட்ரானுக்கு ஆற்றல் அதிகமோ, அது காற்றைத் துளைத்துக்கொண்டு இன்னும் கீழே இறங்கும்.

வழக்கமான அரோராவை உண்டாக்கும் எலக்ட்ரான்களின் ஆற்றல் 1,000 முதல் 10,000 எலக்ட்ரான்வோல்ட் வரை. இவை 100 கிலோமீட்டருக்கு மேலேயே ஆற்றலை இழந்து நின்றுவிடும்.

1 லட்சம் எலக்ட்ரான்வோல்ட் இருந்தால் சுமார் 80 கிலோமீட்டர் வரை இறங்கும். 10 லட்சம் இருந்தால் சுமார் 60 கிலோமீட்டர் வரை வந்துவிடும். இந்தப் பகுதிக்கு மீசோஸ்பியர் என்று பெயர்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இப்படி ஆழமாக இறங்கும் எலக்ட்ரான்கள் அங்கே நம் கண்ணுக்குத் தெரியும்படி ஒளி தருவதில்லை. அதாவது, பார்க்க அழகாக இருக்கும் பகுதி மேலேயே முடிந்துவிடுகிறது. காற்றின் வேதியியலை மாற்றும் வேலை அதற்குக் கீழே, சத்தமில்லாமல் நடக்கிறது.

மினுக் மினுக் அரோரா: பார்க்க சாதாரணம், வேலையில் கில்லாடி

போஸ்டர்களில் வரும் அரோரா திரைச்சீலை போல அலைந்து ஆடும். ஆனால் நள்ளிரவுக்குப் பிறகு விடியும் வரை இன்னொரு வகை வரும். மங்கலான திட்டுத் திட்டான ஒளி. சில விநாடிகளுக்கு ஒருமுறை, சில நேரம் பத்து இருபது விநாடிகளுக்கு ஒருமுறை எரிந்து எரிந்து அணையும். இதற்குத் துடிக்கும் அரோரா என்று பெயர். பச்சைத் திரை ஆடி முடிந்ததும் 'அவ்வளவுதான்' என்று அறைக்குத் திரும்புபவர்கள் இதைத் தவறவிடுவார்கள். பார்த்தாலும் பெரிதாகக் கவராது.

ஆனால் விஞ்ஞானிகளின் கவனம் இப்போது இதன் மீதுதான்.

காரணம், இதை உண்டாக்கும் எலக்ட்ரான்கள் வேறு வழியில் வருகின்றன. பூமியைச் சுற்றிலும் காந்தப்புலத்துக்குள் ஏராளமான எலக்ட்ரான்கள் சிக்கிக் கிடக்கின்றன. வட துருவப் பக்கம் போய், திரும்பி, தென் துருவப் பக்கம் போய், மறுபடி திரும்பி என்று ஓடிக்கொண்டே இருக்கும். சாதாரணமாக அவை கீழே விழாது.

அங்கே ஒரு வகை ரேடியோ அலை உருவாகிறது. அதன் பெயர் கோரஸ். அதை ஒலியாக மாற்றிக் கேட்டால், விடியற்காலையில் பறவைகள் கூட்டமாகக் கீச்சிடுவது போல இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

இந்தக் கோரஸ் அலை எலக்ட்ரான்களைத் தட்டிவிடும்போது அவற்றின் பாதை மாறுகிறது. இடுப்பில் தூக்கிப் போகும் குடம் தளும்பினால் தண்ணீர் சிந்துமே, அந்த மாதிரி எலக்ட்ரான்கள் காற்று மண்டலத்துக்குள் சிந்துகின்றன. அலை விட்டு விட்டு வருவதால் ஒளியும் விட்டு விட்டு எரிகிறது.

ரேடார் கண்டுபிடித்தது என்ன?

நார்வேயின் ட்ரோம்சோ நகருக்கு அருகில் ஐஸ்காட் என்ற சக்திவாய்ந்த ரேடார் இருக்கிறது. வானத்தை நோக்கி ரேடியோ அலைகளை அனுப்பி, எந்த உயரத்தில் காற்று எந்த அளவுக்கு மின்னூட்டம் பெற்றிருக்கிறது என்று அளப்பது அதன் வேலை. எந்த உயரம் என்று தெரிந்தால், விழுந்த எலக்ட்ரானின் ஆற்றலையும் கணக்குப் போட்டுவிடலாம்.

ஜப்பான் 2016 டிசம்பரில் ஏவிய அராசே செயற்கைக்கோள் மேலே எலக்ட்ரான்கள் சிக்கியிருக்கும் பகுதிக்குள்ளேயே சுற்றி வருகிறது. கோரஸ் அலைகளை அது நேரடியாகப் பதிவு செய்கிறது.

இரண்டும் ஒரே காந்தக் கோட்டின் இரு முனைகளைப் பார்த்த ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. மேலே அராசே வலுவான கோரஸ் அலைகளைப் பதிவு செய்தது. கீழே துடிக்கும் அரோரா. ஐஸ்காட் ரேடாரோ, பல லட்சம் எலக்ட்ரான்வோல்ட் முதல் பத்து லட்சங்களைத் தாண்டிய ஆற்றல் கொண்ட எலக்ட்ரான்கள் மீசோஸ்பியருக்குள் இறங்குவதைக் கண்டது. ஜப்பான் விஞ்ஞானிகள் தலைமையிலான குழு 2021-ல் இந்த முடிவுகளை வெளியிட்டது. ரேடார் தரவை வைத்து கணினியில் கணக்கிட்டபோது, மீசோஸ்பியர் ஓசோன் உடனடியாகக் குறைவது தெரிந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அன்றைக்கு அடித்தது பெரிய புயல் இல்லை. பலவீனமான ஒரு புவிகாந்தப் புயல்தான். 2024 மே மாதம் வந்தது போன்ற ஜி5 புயல் அபூர்வம். துடிக்கும் அரோரா அப்படியல்ல, துருவப் பகுதிகளில் அடிக்கடி வரும்.

ஓசோன் எப்படி அழிகிறது?

எலக்ட்ரான் நேராகப் போய் ஓசோனை உடைப்பதில்லை. அது இரண்டு ஆட்களை வேலைக்கு வைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆள், நைட்ரிக் ஆக்சைடு. எலக்ட்ரான் மோதி நைட்ரஜன் மூலக்கூறு உடைகிறது. உடைந்த நைட்ரஜன் அணு ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடு ஆகிறது. இது ஓசோனிடமிருந்து ஓர் ஆக்சிஜன் அணுவைப் பறிக்கிறது. பறித்ததை வேறொரு ஆக்சிஜன் அணுவிடம் கொடுத்துவிட்டு, மறுபடி பழைய நைட்ரிக் ஆக்சைடாகவே நிற்கிறது. அடுத்த ஓசோனுக்குக் கை நீட்டுகிறது. தான் தீராமல் எதிரியை மட்டும் தீர்க்கும் வேலை இது. ஒரே மூலக்கூறு திரும்பத் திரும்ப இதைச் செய்யும்.

இரண்டாவது ஆள், ஹைட்ரஜன் ஆக்சைடுகள். 80 கிலோமீட்டருக்குக் கீழே இருக்கும் கொஞ்சநஞ்ச நீராவியிலிருந்து இவை உருவாகின்றன. ஆயுள் சில மணி நேரம்தான். ஆனால் இருக்கிற வரை வேகமாக ஓசோனை அழிக்கும்.

எவ்வளவு அழிகிறது?

பின்லாந்து வானிலை ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் தலைமையில், நியூசிலாந்து, பிரிட்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து 2002 முதல் 2012 வரையிலான செயற்கைக்கோள் தரவுகளை ஆராய்ந்தார்கள். அந்தக் காலத்தில் நடந்த 60 பெரிய எலக்ட்ரான் பொழிவுகளை எடுத்துக்கொண்டார்கள். 2014-ல் வந்த முடிவு இது: 60 முதல் 80 கிலோமீட்டர் உயரத்தில் ஓசோன் குறுகிய காலத்துக்கு 90 சதவீதம் வரைகூட குறைந்திருக்கிறது. சூரியனின் 11 ஆண்டு சுழற்சியோடு ஒப்பிட்டால், 70 முதல் 80 கிலோமீட்டரில் 34 சதவீதம் வரை ஏற்ற இறக்கம்.

90 சதவீதமா என்று பதற வேண்டாம். நம்மைப் புற ஊதாக் கதிரிலிருந்து காக்கும் ஓசோன் படலம் பெரும்பாலும் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. 70 கிலோமீட்டரில் இருப்பது அதோடு ஒப்பிட்டால் துளிதான். அங்கே 90 சதவீதம் போனாலும் தரையில் விழும் வெயிலில் நமக்கு வித்தியாசம் தெரியாது.

அப்படியானால் இதை ஏன் பேச வேண்டும்? ஏனென்றால் இது 70 கிலோமீட்டரோடு நிற்பதில்லை.

இருட்டில் கீழே இறங்கும் வாயு

வெயில் இருந்தால் நைட்ரிக் ஆக்சைடு அதிக நாள் தாங்காது. சூரிய ஒளியே அதை உடைத்துவிடும். ஆனால் துருவத்தில் குளிர்காலம் என்றால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சூரியனே வராது. உடைக்க ஆள் இல்லை. அந்த வாயு அப்படியே சேர்ந்துகொண்டே போகும்.

அதே குளிர்காலத்தில் துருவத்துக்கு மேலே ஒரு பெரிய காற்றுச் சுழல் உருவாகிறது. அதற்குள் காற்று மெல்ல மெல்லக் கீழே இறங்கும். லிஃப்ட் மாதிரி. மேலே உண்டான நைட்ரிக் ஆக்சைடும் அதில் ஏறி, மீசோஸ்பியரைக் கடந்து, அதற்குக் கீழே உள்ள ஸ்ட்ரடோஸ்பியருக்கு வந்து சேர்கிறது. வசந்தத்தில் சூரியன் திரும்பும்போது ஓசோன் அழிப்பு அங்கே தொடங்குகிறது.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. 2003 அக்டோபர், நவம்பரில் பெரும் சூரியப் புயல்கள் அடித்தன. அதைத் தொடர்ந்த குளிர்காலத்தில் வட துருவக் காற்றுச் சுழலும் வழக்கத்துக்கு மாறாக வலுவாக இருந்தது. 2004 வசந்தத்தில் செயற்கைக்கோள்கள் பார்த்தபோது, மேல் ஸ்ட்ரடோஸ்பியரில் நைட்ரஜன் ஆக்சைடுகள் சில இடங்களில் 4 மடங்கு வரை உயர்ந்திருந்தன. ஓசோன் சில இடங்களில் 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. புயல் அடித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

அப்போ ஓசோன் ஓட்டைக்குக் காரணம் அரோராவா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பாதி உண்மையை வைத்துக்கொண்டு முழுக் கதை கட்டுவது சுலபம்.

அண்டார்டிகா ஓசோன் ஓட்டைக்குக் காரணம், குளிர்பதனப் பெட்டிகளிலும் ஸ்பிரேக்களிலும் மனிதர்கள் பயன்படுத்திய குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்கள். அந்த அழிவு நடப்பது சுமார் 15 முதல் 20 கிலோமீட்டர் உயரத்தில். அரோரா எலக்ட்ரான்கள் பூமி தோன்றிய காலத்திலிருந்து ஏதோ ஒரு வடிவில் விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. ஓட்டை விழுந்தது நம் காலத்தில்.

1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் போட்டு அந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தியதால் ஓசோன் படலம் மெதுவாகத் தேறி வருகிறது. அண்டார்டிகாவில் 2066 வாக்கிலும், ஆர்க்டிக்கில் 2045 வாக்கிலும் 1980-ம் ஆண்டு நிலைக்குத் திரும்பும் என்று ஐ.நா. ஆதரவில் வந்த 2022 மதிப்பீடு சொல்கிறது.

எலக்ட்ரான் மழை முக்கியமாவது இங்கேதான். ஓசோன் ஓர் ஆண்டு கூடும், ஓர் ஆண்டு குறையும். குறைந்தால், அது ஒப்பந்தத்தை யாரோ மீறியதாலா, அல்லது சூரியன் செய்த வேலையா? இயற்கையின் பங்கு எவ்வளவு என்று தெரிந்தால்தான் மனிதனின் பங்கைச் சரியாகப் பிரிக்க முடியும். கடை கணக்கில் தேய்மானத்தைக் கழிக்காமல் லாபம் பார்க்க முடியாது இல்லையா, அதேபோலத்தான்.

பருவநிலையிலும் பங்கு உண்டா?

ஓசோன் சூரிய ஒளியை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்குகிறது. ஓசோன் குறைந்தால் அந்த உயரத்தில் வெப்பநிலை மாறும். வெப்பநிலை மாறினால் காற்றோட்டம் மாறும். அந்த மாற்றம் துருவச் சுழல் வழியாகக் கீழே வந்து, வட ஐரோப்பா போன்ற பகுதிகளின் குளிர்காலத்தைச் சற்றே பாதிக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கவனித்து வரும் தொடர்பு. ஓரிடத்தில் சற்று சூடு, இன்னோரிடத்தில் சற்று குளிர் என்ற அளவில் அமையும் மாற்றம் இது. பூமி முழுக்கச் சூடாவதற்கு இது காரணம் இல்லை. அதற்குக் காரணம் நாம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும்தான்.

இருந்தாலும் இதை ஒதுக்கிவிட முடியாது என்று அறிவியல் உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஐ.நா. பருவநிலைக் குழுவின் 2021 அறிக்கைக்குப் பயன்பட்ட கணினி மாதிரிகளுக்காகப் பரிந்துரைக்கப்பட்ட சூரியத் தரவுகளில், முதல் முறையாக இப்படி விழும் துகள்களின் விளைவும் சேர்க்கப்பட்டது.

மேலே பறக்கும் செயற்கைக்கோள்களுக்கு?

கீழே ஓசோன் என்றால், மேலே வேறு பிரச்சினை. அரோரா நேரத்தில் பாயும் எலக்ட்ரான்களும் மின்னோட்டமும் 100 கிலோமீட்டருக்கு மேலுள்ள காற்றைச் சூடாக்குகின்றன. சூடானால் காற்று விரிந்து மேலே எழும்பும். தாழ்வாகப் பறக்கும் செயற்கைக்கோள்களுக்கு எதிர்க்காற்று கூடும்.

2022 பிப்ரவரி 3-ம் தேதி ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களை ஏவியது. சுமார் 210 கிலோமீட்டர் உயரத்தில் அவை விடப்பட்டன. அடுத்த நாள் ஒரு சாதாரணப் புவிகாந்தப் புயல். காற்றின் இழுவை முந்தைய ஏவுதல்களைவிட 50 சதவீதம் வரை கூடியதாகவும், 40 செயற்கைக்கோள்கள் வரை இழக்க நேரிடும் என்றும் அந்த நிறுவனமே அறிவித்தது.

இங்கே நம்ம நைட்ரிக் ஆக்சைடு நல்ல பிள்ளையாக மாறுவதையும் சொல்ல வேண்டும். அந்த உயரத்தில் அது வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக விண்வெளிக்கு அனுப்பி, சூடான காற்றைக் குளிர்விக்கிறது. கீழே ஓசோனை அழிக்கும் அதே வாயு, மேலே ஏசி வேலை பார்க்கிறது.

துருவப் பாதையில் பறக்கும் விமானங்களுக்கும் தொல்லை உண்டு. 100 கிலோமீட்டருக்குக் கீழே எலக்ட்ரான்கள் காற்றுக்கு மின்னூட்டம் ஏற்றும்போது, நீண்ட தூரத் தொடர்புக்கான ரேடியோ சிக்னலை அந்தப் பகுதி விழுங்கிவிடுகிறது.

உச்சம் முடிந்தால் எல்லாம் முடிந்ததா?

சூரியன் தன் 11 ஆண்டு சுழற்சியின் உச்சக்கட்டத்துக்கு வந்துவிட்டதாக 2024 அக்டோபரில் நாசாவும் அமெரிக்காவின் நோவா அமைப்பும் அறிவித்தன. உச்சம் தாண்டினால் அடங்கிவிடும் என்று தோன்றும். எலக்ட்ரான் மழை விஷயத்தில் கணக்கு வேறு.

உச்சம் முடிந்து இறங்கும் ஆண்டுகளில், சூரியனின் மேற்பரப்பிலுள்ள கரோனா துளைகளிலிருந்து வேகமான சூரியக் காற்று திரும்பத் திரும்ப வீசும். சூரியன் ஒரு சுற்று சுற்ற ஏறக்குறைய 27 நாள். அதே துளை மறுபடி நம் பக்கம் திரும்பும்போது மறுபடி வீச்சு. பெரும் புயல்கள் குறைந்தாலும் இந்தத் தொடர் வீச்சு கோரஸ் அலைகளுக்குத் தீனி போடும். தலைப்புச் செய்தி ஆகாத அரோராக்கள் அதிகம் வரும் காலம் இது.

ஆனால் பார்க்கக் கண் வேண்டும். இந்த உயரம் பலூனுக்கு எட்டாது, செயற்கைக்கோள் அங்கே தாழ்ந்து பறக்க முடியாது. விண்வெளியிலிருந்து பக்கவாட்டில் பார்க்கும் கருவிகளைத்தான் நம்ப வேண்டும். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஐரோப்பாவின் என்விசாட் 2012 ஏப்ரலில் தொடர்பை இழந்தது. நாசாவின் ஆரா 2004-ல் ஏவப்பட்டது. அதற்கு வயது 20-ஐத் தாண்டிவிட்டது.

அடுத்த முறை அரோரா படம் உங்கள் போனுக்கு வந்தால், பச்சையையும் சிவப்பையும் ரசியுங்கள். தப்பே இல்லை. அந்த வெளிச்சத்துக்குக் கீழே, படத்தில் இருட்டாகத் தெரியும் இடத்தில்தான் மிச்ச வேலை நடக்கிறது என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.